இறையியல் படிப்பும் அழைப்பும்: மதுரையில் படித்தவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் நான்கு ஆண்டுகள் இறையியல் படித்து முடித்து, இப்போது உசிலம்பட்டிச் சாலையில் உள்ள ஒரு கிராமச் சேகரத்தில், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதியில், பயிற்சி ஊழியராக இருக்கிறேன். வாலிபர் கூட்டங்களிலும், ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போதும், சில வேளைகளில் பேருந்தில் பக்கத்து இருக்கையிலிருந்தும் ஏறத்தாழ ஒரே கேள்விகள் என்னிடம் வருகின்றன. உடன் படித்தவர்கள் சிலரோடு கூடிப் பேசி, எங்கள் படிப்பையும், கடவுள் எங்களை ஊழியத்துக்கு அழைத்தார் என்று நாங்கள் நம்பும் அந்த அழைப்பையும் திரும்பிப் பார்த்து, அந்தக் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். விடைகளில் தவறு இருந்தால் அது என்னுடையது.

அழைப்பு என்றால் ஒரு குரல் கேட்க வேண்டுமா?

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் அழைப்பைச் சாட்சியாகச் சொன்னோம். ஒருவர் நற்செய்திக் கூட்டத்தில் கையுயர்த்திய இரவைப் பற்றிச் சொன்னார்; இன்னொருவர் சாலை விபத்தில் பிழைத்ததைச் சொன்னார். ஒரு மாணவி மட்டும், தனக்கு அப்படி எதுவும் நிகழவில்லை என்றும், ஊரில் உபதேசியார் இறந்தபின் ஓய்வுநாள் பள்ளியை நடத்த ஆளில்லாமல் தான் நடத்தத் தொடங்கியதாகவும், ஐந்து ஆண்டுகள் கழித்துச் சபையாரே “நீ போய்ப் படிச்சிட்டு வாம்மா” என்று அனுப்பிவைத்ததாகவும் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். அன்று சொல்லப்பட்டவற்றுள் மிக உறுதியான அழைப்பு அவருடையதே என்பதை நாங்கள் உணர நான்காம் ஆண்டு வரை ஆயிற்று.

சாமுவேலின் கதையை எல்லாரும் அறிவோம். அவன் கேட்ட குரலை ஏலியின் குரல் என்றே நினைத்து மூன்று முறை ஓடினான். அது யாருடைய குரல் என்று கண்டுணர்ந்தவர் கண் மங்கிப்போன அந்த முதியவர். கேட்டவன் ஒருவன், விளங்கிக்கொண்டவர் வேறொருவர். அப்போஸ்தலர் நடபடிகள் 13-ஆம் அதிகாரத்திலும் பர்னபாவையும் சவுலையும் ஊழியத்துக்கென்று பிரித்துவிடும்படி தூய ஆவியானவர் சொன்னது அந்தியோகியா சபை கூடி உபவாசித்துக்கொண்டிருந்தபோதுதான். சபையைக் குறிக்கும் ‘எக்ளேசியா’ என்ற கிரேக்கச் சொல்லும், அழைப்பைக் குறிக்கும் ‘க்ளேசிஸ்’ என்ற சொல்லும் ஒரே வினையடியிலிருந்து பிறந்தவை. ஆகவே, உங்களுக்குக் குரல் கேட்டிருந்தால் அதை நான் மறுக்கவில்லை. அதைக் கேட்டு விளங்கிக்கொள்ள உங்களைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

நான் பிறக்கும் முன்பே என் தாயார் என்னை ஊழியத்துக்குப் பொருத்தனை செய்துவிட்டார். அது என் அழைப்பாகுமா?

எங்களுள் மூவர் இப்படி வந்தவர்கள். இருவர் நிலைத்தார்கள்; ஒருவர் இரண்டாம் ஆண்டில் விலகி, இப்போது ஆசிரியப் பணியில் மகிழ்ச்சியாக இருக்கிறார். தாய் அன்னாளின் பொருத்தனை சாமுவேலை ஆலயத்தின் வாசல்வரை கொண்டுவந்தது. ஆனாலும் அவன் பெயர் சொல்லி அழைக்கப்பட்டது தனியாக நிகழ்ந்தது. தாயின் கண்ணீரை மதியுங்கள். விலக நேர்ந்தால் அதை அவருக்குச் செய்த துரோகமாக எண்ணிக் குமைய வேண்டாம். நேர்முகத் தேர்வில் கேட்டால் இந்தச் செய்தியை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வேதாகமத்தை வீட்டிலேயே வாசிக்கலாமே, கல்லூரி எதற்கு?

பேதுரு எந்தக் கல்லூரியில் படித்தார் என்று இதையே வேறு விதமாகக் கேட்பவர்களும் உண்டு. ஆண்டவரோடு நடந்து, தவறி, திருத்தப்பட்ட ஆண்டுகளே அவருடைய கல்லூரி என்று நான் சொல்வேன். தமிழ்நாட்டில் சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபைகளின் வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, பத்தே ஆண்டுகளில், 1716-இல், உள்ளூர் ஊழியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியாக ஒரு செமினரியைத் தொடங்கினார். 1733-இல் ஆரோன் என்ற தமிழர் குருவாக அருட்பொழிவு பெற்றார். மதுரைப் பகுதியில் அமெரிக்க மிஷன் 1834-இல் வேலையைத் தொடங்கிய எட்டாண்டுகளில் திருமங்கலத்தில் ஒரு செமினரி உருவாகி, 1845-இல் பசுமலைக்கு மாறியது. வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் இந்த மண்ணின் மக்களே தம் மக்களை மேய்க்க வேண்டும் என்பது விளங்கியிருந்தது. அதற்குப் பயிற்சி வேண்டும் என்பதும் விளங்கியிருந்தது. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தின் (பல சேகரங்கள் அடங்கிய, ஒரு பேராயரின் பொறுப்பிலுள்ள பகுதியின்) முதல் பேராயரானவர் லெஸ்லி நியூபிகின். பின்னர் 1969-இல், திருமறையூரில் நடந்துவந்த பயிற்சியின் தொடர்ச்சியாக, தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் திருச்சபைகளும் இணைந்து மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியை அமைத்தன.

தனியாக வாசிக்கும்போது நமக்குப் பிடித்த வசனங்களுக்கே திரும்பத் திரும்பப் போகிறோம். வகுப்பில் பக்கத்து மாணவர் நீங்கள் தாண்டிச் சென்ற வசனத்தில் விரலை வைத்து நிற்பார். அவருக்கு விடை சொல்லாமல் உங்களால் அடுத்த வசனத்துக்குப் போக முடியாது. எனக்கு அந்தத் தடை தேவைப்பட்டது.

எத்தனை ஆண்டு? என்ன பாடங்கள்?

செராம்பூர் பல்கலைக்கழகத்தின் பி.டி. (இளநிலை இறையியல்) பட்டம், ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களுக்கு நான்கு ஆண்டுகள். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, கிறிஸ்தவ இறையியல், திருச்சபை வரலாறு, சமயங்கள், அருட்பணி, ஆயர் பணி, சமூக ஆய்வு ஆகியவை முதன்மையானவை. எபிரேயமும் கிரேக்கமும் அடிப்படை அளவிலாவது உண்டு. பொதுவாகத் திருமண்டலத்தின் பரிந்துரையோடு சேர்வார்கள். மற்ற விவரங்களை உங்கள் சேகர ஆயரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆங்கிலத்தில் படித்தால் வாய்ப்பு அதிகமில்லையா? ஏன் தமிழில்?

மேற்படிப்புக்கு ஆங்கிலம் வேண்டும்; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆங்கில நூல்களை நாங்களும் வாசித்தோம். ஆனால் கடவுளைப் பற்றி எந்த மொழியில் சிந்திக்கிறோமோ அந்த மொழியின் வரலாறு முழுவதும் நம்மோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. மதுரையில் அது இன்னும் கனமாக இருக்கிறது. 1606-இல் இவ்வூருக்கு வந்த கத்தோலிக்கக் குரு இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று பெயர் பெற்று, தமிழில் நூல்கள் எழுதினார். அவர் வழியில் கத்தோலிக்கர் ‘சர்வேசுரன்’ என்றார்கள். சீர்திருத்தச் சபை மிஷனரி பப்ரிசியஸ் மொழிபெயர்த்த வேதாகமத்தில் ‘பராபரன்’ என்று வந்தது. ஹென்றி பவர் என்பவர் தலைமையில் 1871-இல் வந்த பதிப்பில் அது ‘தேவன்’ ஆனது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் ‘கடவுள்’ என்று வாசிக்கிறோம். நான்கு சொற்களும் நான்கு விதமான தமிழரோடு பேச முயன்றவை. ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்போது யாரோடு பேசப்போகிறோம் என்பதையும் தேர்ந்துகொள்கிறோம் என்று எங்களுக்கு வகுப்பில் கற்பித்தார்கள்.

அரசரடியில் இசையும் தொடர்பியலும் கற்பித்து, 2005-இல் மறைந்த ஜே. தியோபிலஸ் அப்பாவுவை மாணவர்கள் இன்றும் பரட்டை அண்ணன் என்றே நினைவுகூர்கிறார்கள். சாவு வீட்டுக்கு உரியது என்று ஒதுக்கப்பட்ட பறையையும் நாட்டுப்புற மெட்டுகளையும் அவர் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். என் பாட்டியின் நடவுப் பாட்டில் இறையியல் இருக்க முடியும் என்பதை அந்த மெட்டுகளைக் கேட்டபிறகுதான் நம்பினேன். தமிழில் படிப்பது குறைந்த படிப்பு என்ற எண்ணம் உங்கள் வீட்டில் இருந்தால், அதை மென்மையாகவும் உறுதியாகவும் மறுத்துச் சொல்லுங்கள்.

இறையியல் படித்தால் விசுவாசம் போய்விடும் என்கிறார்களே?

முதல் ஆண்டில் பலருக்கு உள்ளம் ஆடுகிறது. ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்கள் படைப்பை இரு விதமாகச் சொல்கின்றன என்று கேட்டதும் ஒரு நண்பர் மூன்று நாள்கள் காலை ஆராதனைக்கு வரவில்லை. என்னை அசைத்தது மாற்கு நற்செய்தி. அதன் கடைசி அதிகாரத்தில் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் மிகப் பழமையான சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அவற்றில் அந்த நற்செய்தி, பெண்கள் கல்லறையிலிருந்து நடுங்கி ஓடி, பயத்தினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் இருந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. என் கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டதைப்போல் இருந்தது.

இரண்டாண்டுகள் கழித்து, உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த நாள், மகனைக் கிணற்றில் இழந்த ஒரு வீட்டுக்குச் சென்றேன். அந்தத் தாயிடம் வெற்றிப் பிரசங்கம் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. பயந்து பேச்சற்றுப் போன அந்தப் பெண்களைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர்களும் உயிர்ப்பின் சாட்சிகளே என்று சொன்னேன். அவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்து, “அவுகளும் பயந்துதான் போனாகளா?” என்று கேட்டார். வகுப்பறையில் நான் இழந்ததாக நினைத்தது அந்தத் திண்ணையில் என் கைக்குத் திரும்பி வந்தது. எல்லாருக்கும் இப்படி நிகழும் என்று உறுதி கூற மாட்டேன். விசுவாசம் தளர்ந்தே வெளியேறியவர்களும் உண்டு, அவர்களைக் குறைசொல்லவும் எனக்கு மனமில்லை.

வகுப்பறைக்கு வெளியே என்ன பயிற்சி? அதில் எதைக் கற்றீர்கள்?

வார இறுதிகளில் சபைகளுக்கும், சில பருவங்களில் மருத்துவமனைக்கும், விடுமுறையில் கிராமங்களுக்கும் சென்றோம். இந்தக் கேள்விக்கு நான் ஒரே ஒரு பிற்பகலைத்தான் விடையாகச் சொல்ல விரும்புகிறேன்.

அரசு மருத்துவமனையில் ஒரு வார்டில் மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு முதியவர் படுத்திருந்தார். வாழ்நாள் முழுவதும் பிறர் வயலில் வேலை செய்தவர், எழுத்து அறியாதவர். நான் புதிய மொழிபெயர்ப்பிலிருந்து நல்ல தமிழில் ஜெபித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த மேய்ப்பர் சங்கீதத்தச் சொல்லுங்கய்யா” என்றார். நான் தொடங்கும் முன்பே அவரே சொல்லத் தொடங்கினார்: “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்.” அங்கே நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னிய யாரும் தாழ்த்த முடியாதுன்னு சொல்லியிருக்காருல்ல” என்றார்.

எனக்கு அந்த வசனத்தின் எபிரேயம் தெரியும். அந்த வினைச்சொல்லுக்குப் பொருள் குறைவுபடுவது, இல்லாமற்போவது. பழைய மொழிபெயர்ப்பாளர்களும் ‘தாழ்ச்சி’ என்பதைக் குறைவு என்ற பொருளில்தான் வைத்தார்கள். ஆனால் தெருவின் பெயராலும் குலத்தின் பெயராலும் எழுபது ஆண்டுகள் தாழ்த்தப்பட்ட ஒருவர், அந்தச் சொல்லில் தமக்கு வேண்டியதைக் கேட்டிருந்தார். திருத்துவதற்கு என் வாய் திறந்தது உண்மை. அவர் கண்களைப் பார்த்து மூடிக்கொண்டேன். அன்றிரவு விடுதியில் நண்பர்களோடு நள்ளிரவு வரை இதைப் பற்றி வாதிட்டோம். மூலத்தின் பொருளை விட்டுவிட்டால் யாரும் எதையும் சொல்லலாமே என்றார் ஒருவர். அது நியாயமான எச்சரிக்கை. ‘குறைவு’ என்பதற்குள் மானக்குறைவு அடங்காதா என்றார் இன்னொருவர். நான் இன்றும் இரண்டாமவர் பக்கம்தான் இருக்கிறேன். ஆனால் முதலாமவர் சொன்னதற்காகவே ஒவ்வொரு வாரமும் அகராதியைத் திறக்கிறேன்.

நான் ஊழியத்துக்கு அழைக்கப்பட்டேனா என்று யாராவது கேட்டால், கல்லூரிக்கு வருமுன் நிகழ்ந்ததை இப்போது சொல்வதில்லை. அந்தக் கட்டிலருகே நிகழ்ந்ததைச் சொல்கிறேன். நான் பேசப் போன இடத்தில் எனக்குப் பிரசங்கிக்கப்பட்டது. அதைக் கேட்டு மற்றவர்களுக்கு எடுத்துச் செல்லும் வேலை என்னுடையது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

சபையில் சாதி இருக்கிறதே, அதை எப்படி எதிர்கொள்வது?

இருக்கிறது. பயிற்சிக்குச் சென்ற ஒரு சபையில் என் பெயரைக் கேட்குமுன் என் ஊரைக் கேட்டார்கள். ஊரைச் சொன்னதும் எந்தத் தெரு என்று கேட்டார்கள். விடை தெரிந்தபின் எனக்குத் தேநீர் வந்த குவளை மாறியது. அதே சபையில்தான், ஞாயிறுதோறும் திருவிருந்தில் ஒரே கிண்ணம் உயர்த்தப்படுகிறது. இதைச் சொல்லும்போது என் குரல் இன்னும் நடுங்குகிறது.

சட்டத்திலும் ஒரு காயம் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். ஆக, தலித் கிறிஸ்தவர் ஊருக்குள் தலித்தாகவும் அரசின் பட்டியலில் வேறாகவும் வாழ்கிறார். 1980-களில் அரவிந்த் நிர்மல் முதலானோர் தலித் இறையியல் என்று பேசத் தொடங்கியபோது, இந்த மக்களின் வேதனையையே சிந்தனையின் தொடக்கமாக வைத்தார்கள். அதைத் தேர்வுக்கான பாடமாகப் படித்து முடித்துவிட்டு, பிறகு தம் சாதியில் பெண் தேடுகிற மாணவர்களையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் வருவதாக இருந்தால், உங்கள் சாதியை நீங்களே முதலில் கேள்வி கேட்கத் துணிந்து வாருங்கள். பாடம் அதற்குப் பிறகு பயன்படும்.

பெண்கள் படிக்கலாமா? படித்தால் ஆயராக முடியுமா?

படிக்கலாம், ஆயராகவும் முடியும். தென்னிந்தியத் திருச்சபை 1970-களிலேயே பெண்களுக்கு அருட்பொழிவு அளித்தது. 2013-இல் புஷ்ப லலிதா நந்தியால் பேராயரானார். ஆயினும் சட்டம் திறந்த கதவைச் சபையார் திறந்துவிடுவதில்லை. உடன் படித்த ஒரு தோழி திருமண ஆராதனையில் உதவிசெய்யச் சென்றபோது, பெண் கையால் ஆசீர்வாதம் வேண்டாம் என்று மணமகன் வீட்டார் சொல்லிவிட்டார்கள். அதே தோழியைத்தான் பிரசவ வார்டுகளில் தாய்மார்கள் தேடுகிறார்கள். முதல் வாரத்தில் தயங்கித் தயங்கிச் சாட்சி சொன்ன மாணவி அவரே.

மதுரைபோன்ற கோயில் நகரத்தில் கிறிஸ்தவ இறையியல் படிப்பது எப்படி இருந்தது?

நன்றாக இருந்தது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகைக் கரையில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்காமல், பக்தி என்ற சொல்லின் பொருளை இவ்வூரில் யாரும் கற்க முடியாது. கீழக்குயில்குடி மலையில் சமணர் படுக்கைகளையும், கோரிப்பாளையம் தர்காவில் எல்லாச் சமயத்தாரும் வந்து நிற்பதையும் பார்த்தோம். என் விசுவாசம் இவற்றால் கரைந்துவிடவில்லை. பக்கத்து வீட்டாரின் வேண்டுதலை இகழாமல் என் ஆண்டவரைப் பற்றிப் பேச இந்த ஊரே கற்றுத்தந்தது.

சம்பளம், குடும்பம்?

சம்பளம் குறைவு. திருமண்டலம் அனுப்பும் இடத்துக்குப் போக வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் வரும். பிள்ளைகளின் பள்ளியும் அதனோடு மாறும். மணமுடிக்க இருப்பவரிடம் இதை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

படித்துவிட்டு ஆயராகாதவர்கள் வீணாகப் படித்தார்களா?

எங்களுள் ஒருவர் பள்ளியில் கற்பிக்கிறார். ஒருவர் மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பொன்றில் வேலை செய்கிறார். ஒருவர் தந்தை நோயுற்றதால் ஊருக்குத் திரும்பி விவசாயத்தைப் பார்க்கிறார். அவர் ஊரில் ஜெபக்கூட்டம் நடத்துவது அவரே. தான் மாடு மேய்க்கிறவனும் காட்டத்திப்பழம் பொறுக்குகிறவனும் என்று சொன்ன ஆமோஸ் அவருக்குப் பிடித்த தீர்க்கதரிசி. கல்லூரியில் இருந்தபோதும் அப்படித்தான்.

எனக்கு இப்போது இருபது வயது, கல்லூரி இறுதியாண்டு. இந்த ஆண்டே விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பம் எழுதுமுன் ஓராண்டு உங்கள் சபையில் இருங்கள் என்பேன். அந்த ஓராண்டில் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பை விடாமல் நடத்துங்கள். துக்க வீட்டுக்கு ஆயர் போகும்போது உடன் போய், ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வாருங்கள். அறுப்பின் பண்டிகையில் மேடையேறாமல், சாமான் தூக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் சபையில் உங்கள் குலத்தைச் சேராத ஒரு வீட்டில் சாப்பிடுங்கள். ஆண்டின் இறுதியில் உங்கள் ஆயரிடமும், உங்களிடம் படித்த பிள்ளைகளின் தாய்மார்களிடமும், சபையில் உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரிடமும், “நான் போகலாமா?” என்று கேளுங்கள். கேட்டபின் அவர்கள் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் ‘உமது அழைப்பை விவரிக்கவும்’ என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே எழுத அது உதவும்.